காய வேண்டிய ஆறு செடி

சிவசாமி: …கிட்ட வா காளியாயி. மோந்து பாரு.

காளியாயி: என்னத்தண்ணே மோக்கச் சொல்றீங்க, காலங்காத்தால…

சிவசாமி: வேர. தொட்டியிலேருந்து இப்பத்தான் உருவுனேன்.

காளியாயி: ஐயே… தண்ணிப் பீலிக்கரைச் சேறாட்டம் நாறுது.

சிவசாமி: அழுகிப்போச்சு. இப்பச் சொல்லு. ஒரு மாசமா சொட்டுத் தண்ணி காணாத தேயிலச் செடிக்கு வேரு எப்பிடி அழுகும்?

காளியாயி: அத ஏன் என்கிட்ட கேக்குறீங்க? ராவெல்லாம் இந்தக் கண்ணாடி வீட்டுக்குக் காவல் நீங்க. ஹீட்டருக்கு ஆளும் நீங்க.

சிவசாமி: பகலெல்லாம் வாளியோட நிக்கிறது நீ.

காளியாயி: பச்சக் கோடு போட்ட பன்னெண்டு தொட்டிக்குத்தான் என் வாளி. செவப்புக் கோடு போட்ட ஆறுக்கும் ஊத்தக் கூடாதுன்னு யூனிவர்சிட்டி புரபசர் வெரல ஆட்டி ஆட்டிச் சொல்லிட்டுப் போனாரே. எனக்கென்ன காது இல்லையா?

சிவசாமி: காது இருக்கு. மனசும் இருக்கே… அதான் சந்தேகம்.

காளியாயி: வழிய விடுங்க, வாளி நெறைக்கணும்.

சிவசாமி: வாளிய வச்சிட்டு வாயத் தொற. லிந்துலைப் பாலத்த இந்நேரம் தாண்டியிருக்கும் புரபசர் காரு. ஊவாப் பக்கம் வெயில்ல தேயில கருகுதுன்னு, தண்ணி இல்லாமத் தாங்குற செடி எதுன்னு பாக்கத்தான கண்ணாடியப் போட்டு, சூட்ட வச்சு, காத்தாடிய வச்சு இம்புட்டும் கட்டுனாங்க? ஆறுல அஞ்சு செத்துக் கெடக்கு. அதுவும் வேர் அழுகி. தெரிஞ்சா இத மூடிருவாங்க. அப்புறம் நீ கொழுந்துக் கூடைய மாட்டிக்கிட்டு மேமலைக்கு. நான் கவ்வாத்துக் கத்தியோட ஒனக்குப் பின்னால.

காளியாயி: என் முட்டிக்கு அந்த ஏத்தம் ஆகாதுண்ணே…

சிவசாமி: அப்ப உள்ளதச் சொல்லு.

காளியாயி: ஒரு செரட்டத் தண்ணி ஊத்துனேன்.

சிவசாமி: ஒரே ஒரு நாளா?

காளியாயி: தெனம். பின்ன என்ன செய்யிறது? பந்தியில உக்கார வச்சு, பக்கத்து எலைக்கு மட்டும் சோறு போடுற மாதிரி இருக்கு. அதுங்க தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு என்னையவே பாக்குதுங்க. எனக்குக் கை வரல.

சிவசாமி: செடி பாக்குதாம்.

காளியாயி: பாத்துச்சு. சரி, ஒரு செரட்டத் தண்ணிக்கா வேர் அழுகும்? …அண்ணே, ஏன் மொகத்த அங்கிட்டுத் திருப்புறீங்க?

சிவசாமி: ஹீட்டரப் பாக்குறேன்.

காளியாயி: ஹீட்டரு இங்கிட்டு இருக்கு.

சிவசாமி: …ராத்திரி ரெண்டு செரட்ட.

காளியாயி: அடப் பாவி மனுசா.

சிவசாமி: இல்ல புள்ள… காஞ்சு செத்தா, சிவசாமிதான் சூட்டக் கூட்டி வச்சுக் கொன்னுட்டான்னு சொல்ல மாட்டாங்களா? பயந்தவனுக்கு இருட்டெல்லாம் பேய்.

காளியாயி: ஆக மூணு செரட்ட. இம்மாம் பெரிய தொட்டிக்கு அது எந்த மூலைக்கு? இந்தச் சூட்டுல மத்தியானத்துக்குள்ள குடிச்சிருமே.

சிவசாமி: அதான் எனக்கும் வெளங்கல. நம்ம ரிஸ்வி ஐயாவ நெனச்சாத்தான் பாவம். புரபசர்கிட்ட படிக்கிற புள்ள. இந்த ஆறு செடியப் பத்தி எழுதிக் குடுத்தாத்தான் பட்டமாம். அத்தனையும் செத்தா எதைய்யா எழுதுறதுன்னு போன வாரம் கண்ணு கலங்கிட்டாரு.

காளியாயி: அத்தன எங்க? இந்த ஓரத்துத் தொட்டி உசுரோட நிக்குதே. வாடியிருக்கு, ஆனா துளுரு விட்டிருக்கு பாருங்க.

சிவசாமி: அதுக்கு நான் ஊத்தல. மஞ்சத்துணி கட்டியிருந்துச்சு. சாமிக்கு நேந்துவிட்டதுல நமக்கு என்ன வேலன்னு தொடல.

காளியாயி: மொத நாளே கட்டுனது நாந்தான். ஆறையும் என்னால பாக்க முடியாது, இது ஒண்ண நீ பாத்துக்க மாரியாத்தான்னு விட்டேன். அவ பொறுப்புல விட்டதுக்கு நான் ஊத்துனா அவளுக்கு என்ன மரியாத?

ரிஸ்வி: என்ன, ரெண்டு பேரும் தொட்டியச் சுத்தி உக்காந்திருக்கீங்க?

சிவசாமி: வாங்கய்யா… சும்மா…

ரிஸ்வி: கையில என்ன, வேரா? ஏன் உருவுனீங்க?

காளியாயி: ஒளிச்சு என்ன ஆகப்போவுது? ஐயா, இந்த அஞ்சுக்கும் நான் தெனம் ஒரு செரட்ட, அண்ணன் ரெண்டு செரட்ட. எங்களக் கொழுந்துக்கே அனுப்பிருங்க.

ரிஸ்வி: …ஓரத்துத் தொட்டிக்கு?

காளியாயி: ஒரு சொட்டு ஊத்தல. மாரியாத்தா மேல சத்தியம்.

சிவசாமி: நானும் ஊத்தலய்யா.

ரிஸ்வி: நெசமாவா? அப்ப… முப்பது நாள் தண்ணியில்லாம நின்னது இது. புரபசர் தேடுற செடி இதுதான்க்கா. இதுலேருந்து கெளை வெட்டி நட்டுப் பெருக்குவாங்க. இன்னும் பெரிய கண்ணாடி வீடே கட்டுவாங்க.

சிவசாமி: அப்ப மூட மாட்டாங்களா?

ரிஸ்வி: மூட மாட்டாங்க. அந்த வேர மட்டும் திருப்பி மண்ணுல வச்சு மூடுங்க. சீக்கிரம்.

காளியாயி: இருங்கய்யா. எங்க மூணு செரட்டைக்கு வேர் அழுகாது. வேற யாரோ நல்லா ஊத்தியிருக்கான். அவன் இதுக்கும் ஊத்தியிருந்தா ஒங்க கணக்குப் பொய்யாயிருமே?

ரிஸ்வி: ஊத்தலக்கா.

சிவசாமி: அது எப்பிடிய்யா அம்புட்டு உறுதியாச் சொல்றீங்க?

ரிஸ்வி: அந்த மஞ்சத்துணி… புரபசர் என்னையப் பிடிக்கக் கட்டி வச்ச அடையாளம்னு நெனச்சு, அது ஒண்ண மட்டும் விட்டுட்டு, மத்த அஞ்சும் செத்துரக் கூடாதுன்னு தெனம் சாயங்காலம் தொட்டிக்கு ஒரு வாளி ஊத்துனேன்.