சௌமியா ரூமுக்குப் போற காத்து

அந்தப் பெட்டிய மூடாதீங்கண்ணே. ஒரு நிமிசம் இருங்க. இன்னும் வேலை முடியல.

முடிஞ்சுருச்சா? அதெப்படி முடியும், எம் மக சௌமியா ரூம் பாக்கி கெடக்கே. இல்ல, நீங்க பிரஷ்ஷு விட்டு இழுத்தீங்க, மிசின் வச்சு தூசிய உறிஞ்சுனீங்க, ஜாயிண்ட்டுக்கெல்லாம் டேப்பு ஒட்டுனீங்க, எல்லாம் சரிதான். நாந்தான டார்ச்சு புடிச்சுக்கிட்டு கூடவே நின்னேன். நான் சொல்றது அதில்ல. அந்த ரூமுக்குக் காத்து வர்ற வாய அடைச்சுருங்கன்னேன். ஜாயிண்ட்ட இல்லண்ணே, வாய. கட்டிலுக்கு மேல சீலிங்ல கிரில்லு இருக்குல்ல, அதக் கழட்டிட்டு உள்ளுக்குள்ள தகரம் வச்சு அடிச்சு, சுத்தி அந்தப் பசையப் பூசி, பொட்டு இடம் இல்லாம அடைக்கணும். பக்காவா.

சிரிக்காதீங்க. தெரிஞ்சுதான் சொல்றேன்.

இங்கிட்டு வாங்க, பின்னாடி துவைக்கிற கல்லுக்கிட்ட நின்னு பேசுவோம். பிள்ள வீட்ல இல்ல, தூசி கிளம்பும்னு நீங்கதான போன்ல சொன்னீங்க, கீழ்வீட்டு உமா மகேஸ்வரி அக்கா வீட்ல கொண்டுபோயி விட்ருக்கேன், ஆக்சிஜன் மிசினோட. இருந்தாலும் வெளியவே பேசுவோம். வீட்டுக்குள்ள மெல்லப் பேசிப் பேசியே எனக்கு வாய் தொறக்க வரமாட்டேங்குது.

அண்ணே, எங்க வீட்டுக்காரரு மதிய பிளைட்டுல வர்றாரு. மெட்ராஸ்ல ஒரு பெரிய டாக்டரப் பாக்கணும்னு பிள்ளையோட ஸ்கேன் படத்தையெல்லாம் தூக்கிக்கிட்டுப் போனவரு. அவரு இந்த வாசப்படி மிதிக்கிறதுக்குள்ள அந்த வாய அடைச்சாகணும். அதுக்குத்தான் விடிஞ்சதும் விடியாததுமா உங்களுக்கு ஹேடோ துறைமுகத்துக்குப் போன் அடிச்சு, கப்பல் வேலைய விட்டுட்டு ஓடியாங்கன்னு உசுர எடுத்தேன். வந்தீங்க, நல்லாயிருப்பீங்க. வந்ததுக்கு இதையும் பண்ணிட்டுப் போயிருங்களேன்.

ஏன்னு கேக்குறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. பூஞ்சணம்ணே. வேற என்ன? இந்தத் தீவுல வருசத்துல முக்காவாசி மழ. பீரோவுல வச்ச சேல பூக்குது, செருப்பு பூக்குது, கல்யாண ஆல்பத்துல எம் மூஞ்சியே பூத்துப் போச்சு. செவுத்துல கை வச்சா சீலன், ஈரம் பிசுபிசுன்னு ஒட்டுது. அந்த ஈரமெல்லாம் ஏசிக் காத்து போற டக்டுக்குள்ள போயி உக்காந்து, அங்கயிருந்து நேரா பிள்ள மூக்குல ஏறுது. வாய அடைச்சுட்டா ஏறாதுல்ல?

ம். அதையும் சொல்றீங்களா. அடைச்சாத்தான் ஈரம் கூடும்னு. ஏசி காத்து காஞ்ச காத்து, அது போகலன்னா அந்த ரூமுதான் மொதல்ல பூக்கும்னு. சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

ஆனா பாருங்க, மீன் வாசன வருது. நான் அடுப்படில சூரை வறுத்தா அவளுக்கு அங்க இருமலு. ...அடுப்படிக்கு டக்டே போகலையா? ஆமால்ல. கதவு வழியா வந்திருக்கும். பல்லி. பல்லி இருக்குண்ணே உள்ள, ராத்திரியெல்லாம் கத்துது. வல போட்டாச்சா? எப்ப போட்டீங்க, நான் பாக்கவே இல்லையே.

கோவிச்சுக்காதீங்க. ஆளக் கிறுக்கனாக்குறாளேன்னு நெனைக்காதீங்க. உக்காருங்க, அந்தக் கல்லு மேலயே உக்காருங்க, டீ கொண்டாறேன். வேணாமா? சரி, நின்னாவது கேளுங்க.

நீங்க அந்தத் தூசி மிசின் பையக் கழட்டிக் கொட்டுனீங்கள்ல காலைல, நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்? இம்புட்டுதானான்னு கேட்டேன். நீங்க என்னவோ நான் உங்க வேலையக் கொற சொல்றேன்னு நெனச்சு மூஞ்சியத் தூக்குனீங்க. இல்லண்ணே. மலையாட்டம் கெடக்கும்னு நெனச்சேன். கொடம் கொடமா கருப்பா வரும், உள்ள ஒரு பெருச்சாளியே செத்துக் கெடக்கும்னு நெனச்சேன். அப்படி வந்திருந்தா நான் எம்புட்டு சந்தோசப்பட்டிருப்பேன் தெரியுமா? முண்டக்கண்ணி அம்மனுக்குப் பொங்க வச்சிருப்பேன்.

இங்க ஆஸ்பத்திரில மொதல்ல அப்படித்தான சொன்னாங்க. பிள்ளைக்கு நுரையீரல் சுருங்கிக்கிட்டு வருது, சில வீட்ல காத்து ஒத்துக்காமகூட இப்படி ஆகும், எதுக்கும் வீட்ட சுத்தம் பண்ணிப் பாருங்க, ஏசி டக்டையும் பாருங்கன்னாரு டாக்டரு. எதுக்கும்னுதான் சொன்னாரு. நான் அந்த ஒரு சொல்லப் புடிச்சுக்கிட்டேன். திரையெல்லாம் கிழிச்சுப் போட்டேன். பஞ்சு மெத்தையத் தூக்கி ரோட்ல வச்சேன். சாமிக்குப் பத்தி கொளுத்துறதில்ல, சாம்பிராணி இல்ல. அவ ஆசையா வளத்த ரெண்டு லவ்பேர்ட்ஸையும் திக்லிபூர்ல அவரு தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏத்திவிட்டோம். அவ அழுகல. கூண்டுக்குள்ள விரல விட்டு டாட்டா காட்டுனா. மூச்சு மட்டும் அப்படியே இருக்கு. இன்னைக்கு நீங்க வந்து டக்டயும் தொறந்து பாத்துட்டீங்க. சாதா வீட்டுத் தூசிதான் தங்கச்சின்னுட்டீங்க. இனி எதக் கழுவுறது நான்?

சரி, அழல. கண்ணுல தூசி.

இந்த டக்ட் கத உங்களுக்குத் தெரியாது. மரைன் ஹில்லுல வேற எந்த வீட்லயாவது பாத்திருக்கீங்களா? எல்லா வீட்லயும் செவுத்துல ஒரு ஏசிய மாட்டிட்டு பேசாம இருப்பாங்க. எங்க ஆளு காண்ட்ராக்டரு பாருங்க. ஜெட்டில ஒரு கப்பல ரிப்பேர் பண்றப்ப கூடமாட இருந்தவரு, அங்க மிஞ்சுன தகரத்தப் பாத்துட்டு ஆசப்பட்டுட்டாரு. கப்பல் ஆளுகளையே கூட்டியாந்து, கேபினுக்குப் போடுற மாதிரியே நீளமா ஒரே கொழாயா ஓட்டி, ரூமுக்கு ஒரு வாய் வச்சுட்டாரு. புதுசுல பாக்க வராத ஆளு இல்ல. கப்பல் வீடுன்னே பேரு வச்சுட்டாங்க. இவரும் வர்றவங்களையெல்லாம் கூட்டிட்டுப் போயி சீலிங்கக் காட்டுவாரு. எனக்கும் பெருமதான், இல்லன்னா பொய்.

நீங்களும் வந்ததும் அதத்தான சொன்னீங்க, உள்ள லைனிங்கே இல்லியே, வெறும் தகரமா இருக்கேன்னு. நீங்க மேல என்னமோ சொல்ல வாயெடுத்தீங்க, நான் பேச்ச மாத்திட்டேன்.

இல்லண்ணே, ஒண்ணும் மறைக்கல.

அந்தப் போர்வையா? எந்தப் போர்வ? ...எங்க இருந்துச்சு? சௌமியா ரூம் வாய்க்குள்ளயா? எலி இழுத்துட்டுப் போயிருக்கும். சரி சரி, எலி போர்வைய மடிச்சு வைக்காது, எனக்கும் தெரியும். நாந்தான் வச்சேன். நேத்து அவ குளிக்கப் போனப்ப ஸ்டூலு போட்டு ஏறி, கிரில்ல நெம்பி, கையில கெடச்ச போர்வையத் திணிச்சேன். விரல்ல இருக்கே காயம், அதுதான். அடைபடலண்ணே. துணி துணிதான.

என்ன பொம்பள இவன்னு பாக்குறீங்க. மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு எந்தத் தாயாவது காத்த அடைப்பாளான்னு பாக்குறீங்க. பாருங்க. நல்லாப் பாருங்க. அவளுக்குத் தனியா ஒரு ஏசி மாட்டிருவேன், அவரு குடோன்ல பிரிக்காம ஒண்ணு கெடக்கு, சாயங்காலமே ஆள் வந்துரும். அதுவரைக்கும் ஜன்னல் இருக்கு, கடல்காத்து வருது. அவளுக்கு மூச்சுக் கொறையாது. நான் கொறைய விடுவேனா? நீங்க அந்த வாய மட்டும் அடைங்க. கால்ல விழணுமா, விழறேன். எந்திரிங்கன்னு சொல்லாதீங்க, அடைக்கிறேன்னு சொல்லுங்க.

காரணம் தெரியாம தகரத்தத் தொடமாட்டீங்க. அப்படித்தான?

சரி. அண்ணே, உங்க கப்பல்ல, ஒரு கேபின்ல புருசன் பொண்டாட்டி சண்ட போட்டா அடுத்த கேபின்ல கேக்கும்ல? ஆமான்னு தலையாட்டுறீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குத் தெரியலண்ணே. இத்தன வருசமா ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எங்களுக்குத் தெரியல. பகல்ல ஒண்ணும் கேக்காது, டிவி ஓடும், ஏசி ஓடும். படுக்கிறப்ப எங்க ரூம் கதவச் சாத்துவோம், அவ ரூம் கதவையும் சாத்துவோம், கரண்டு மிச்சம்னு ஏசிய ஆஃப் பண்ணிட்டு, அப்புறந்தான் பேச ஆரம்பிப்போம். எங்க கட்டிலுக்கு மேல ஒரு வாய், அவ கட்டிலுக்கு மேல ஒரு வாய், நடுவுல வெறும் தகரக் கொழா.

அதுலயும் எங்க புத்தியப் பாருங்க. பரமக்குடிக்கு அவரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா அவங்க முன்னாடி ரகசியம் பேசணும்னா நாங்க ரெண்டு பேரும் இந்திக்கு மாறிருவோம். அங்க ஒருத்தருக்கும் புரியாது. அந்தப் பழக்கத்துல இங்கயும் பெரிய விசயம்னா இந்திதான் வாய்ல வருது. டாக்டர் சொன்னதெல்லாம் இந்திலதான் பேசிக்கிட்டோம். அவளுக்குத் தமிழவிட இந்திதான நல்லா வரும். பள்ளிக்கூடத்துல நாள் பூரா அதுதான். தூக்கத்துல உளர்றதுகூட இந்திலதான். இது பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?

வெளிய போயிப் பேசலாமேன்னுதான கேக்குறீங்க? போனோம். அவரு மெட்ராஸ் கிளம்புறதுக்கு முந்தி ஒரு நாள் இதே கல்லுக்கிட்ட வந்து நின்னோம். திரும்பி உள்ள போனா, அவ ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் மாறி மாறிப் பாக்குறா. வெளிய போயிப் பேசுனா பெரிய விசயம்னு அவளே கண்டுபுடிச்சு வச்சிருக்கா.

நேத்து ராத்திரி அவரு மெட்ராஸ்லருந்து போன் பண்ணாரு. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டா, நேர்ல வந்து சொல்றேன்னாரு. அம்புட்டுதான். நல்ல சேதிய யாராவது நேர்ல வந்து சொல்றேம்பாங்களா? போன்லயே கத்தியிருப்பாருல்ல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. தலகாணிய வாய்ல வச்சுக்கிட்டுப் படுத்துட்டேன்.

இல்ல, அவ ஒண்ணும் கேக்கல. செத்துப்போயிருவேனான்னு ஒரு நாளும் கேக்கல. நேத்துக் காலைல தல பின்னி விட்டுக்கிட்டு இருந்தேன். கண்ணாடில என்னையப் பாத்துக்கிட்டே, ரிப்பன எடும்மான்னு சொல்ற மாதிரி சொல்றா, அம்மா, ராத்திரி நீ அழறப்ப ஏசிய ஆஃப் பண்ணிராத, அது ஓடுனா எனக்கு அம்புட்டாக் கேக்காது, தூங்கிருவேன்னு.

நானாச்சும் தலகாணில அமுக்கிக்கிருவேண்ணே. அவருக்கு மெல்ல அழத் தெரியாது.