பிரபு கொடுத்த துரும்பு

கூடத்துத் தரைக்குப் புது வைக்கோல் பரப்பும் நாள் எனக்கு மிகவும் பிடிக்கும். வீடே வயல் மாதிரி மணக்கும், நாய்கள் புரளும், பெரிய மனிதர்கள்கூடக் கொஞ்சம் குழந்தைகளாகிவிடுவார்கள். என் வாக்குமூலத்தைக் கேட்க ஃபிளாண்டர்ஸ் கோமகன் உங்களை அனுப்பியிருக்கிறார், நீதிபதி ஐயா. சந்தோஷமாகச் சொல்கிறேன். ஆனால் முறையை விளக்கிவிட்டுத்தான் சொல்வேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், சொல்லிப் பார்க்க எனக்கு ஆசை.

ஒருவன் இன்னொருவரின் ஆளாவது எப்படி? மண்டியிட்டு, கூப்பிய கைகளைப் பிரபுவின் உள்ளங்கைகளுக்கு நடுவே வைக்கிறான். பிரபு அவனை முத்தமிட்டு, கையில் ஒரு வைக்கோல் துரும்பைக் கொடுக்கிறார். அந்தத் துரும்புதான் நிலம். அதை வாங்கிய கணத்திலிருந்து அவன் பிரபுவின் ஆள்; அவர்மேல் கைவைக்கக் கூடாது. வைத்தால் துரோகி. நான்கு குதிரைகளில் கட்டி நான்கு திசைக்கும் இழுப்பார்கள். விலக வேண்டுமா? சாட்சிகள் முன்னால் ஒரு துரும்பை அவர் காலடியில் வீசி, இனி உங்கள் ஆள் அல்ல என்று சொன்னால் போதும். அதன்பின் இருவரும் வெறும் பகையாளிகள். பகையாளியைக் கொன்றால் அபராதத்தோடு போயிற்று. கட்டுவதும் துரும்பு, அவிழ்ப்பதும் துரும்பு. இதை யோசித்தவனின் மூளையை நினைத்தால் ஆனந்தத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிடும்.

நான் எவரார்ட் பிரபுவின் ஆள். ஓடையோரப் புல்வெளியை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அறுவடை விருந்தன்று, அதை அவருடைய இன்னொரு ஆளான வின்மாருக்குத் தரப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். வின்மார் குதிரைமேலேயே தூங்குகிறவன்.

விருந்தின் நடுவில் எழுந்தேன். தரையிலிருந்து நீளமான துரும்பாகப் பார்த்து எடுத்து, பிரபுவின் காலடியில் வீசினேன். சொல்ல வேண்டியதையும் தெளிவாகச் சொன்னேன். கூடமே அதிர்ந்து சிரித்தது.

“டேய் லாம்பர்ட்டு, இத்தன வைக்கோல்ல உன்னோடது எதுடா?” என்று கத்தினான் வின்மார்.

“தேடுங்கடா! கெடைக்கிற வரைக்கும் அவன் நம்ம ஆளுதான்!” என்றார் பிரபு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எல்லாரும் தவழ்ந்து தேட ஆரம்பித்தார்கள். நாய்களும் தேடின. நானும் சிரித்துச் சிரித்து முழங்காலில் விழுந்துவிட்டேன். பிரபு இறங்கி வந்தார். ஏதோ ஒரு துரும்பைப் பொறுக்கி என் கையில் திணித்தார்.

“புல்வெளிக்குத்தானேடா இவ்வளவு கோவம்? வெச்சுக்கோ, உனக்குத்தான்.”

என் கைகளைத் தம் கைகளுக்குள் பொத்திக்கொண்டு, பீர் மணக்க முத்தமிட்டார். துரும்பைத் தொப்பியில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் காலை இருவரும் வேட்டைக்குப் போனோம். அவருக்கு இடது முழங்கால் சரியில்லை. ஓடையைக் கடக்கும்போது எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்வார்.

“தண்ணி ஜில்லுன்னு இருக்கு, மெதுவா போடா. ஏண்டா, நேத்து நான் ஏதாவது உளறினேனா? வின்மார் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான்.”

“ஒண்ணும் இல்லீங்க, பிரபு.”

“புல்வெளி கில்வெளின்னு ஏதாவது?”

கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கொடுத்தவரால் மட்டுமே முடியும். அவர் பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினேன். கனத்த மனிதர், ஆனால் முழங்கால் அவரைக் கைவிட்டது. கலங்கிய தண்ணீர் தெளியும்வரை பிடித்திருந்தேன். பிறகு கரையில் கிடத்தி, கண்களை மூடி, முடியைக் கோதிவிட்டேன். நாய்களோடு வந்த வின்மார் எதிர்க்கரையில் நின்றதை அப்புறம்தான் பார்த்தேன்.

ஆக, கொன்றது நான்தான். ஆனால் நான் துரோகி அல்ல. முந்தின நாளே துரும்பை வீசிவிட்டேன், கூடமே சாட்சி. அபராதத்தைச் சொல்லுங்கள், கட்டுகிறேன்.

வின்மார்தான் தொல்லை. பிரபு என் கையில் துரும்பு கொடுத்தது குடிபோதை விளையாட்டு, ஆகவே புல்வெளி தனக்கே என்று உங்களிடம் வழக்காடுகிறானாம். விளையாட்டா? நான் மண்டியிட்டிருந்தேன். அவர் என் கைகளைப் பொத்தினார், முத்தமிட்டார், துரும்பைக் கொடுத்தார். ஒன்றுகூட விடுபடவில்லை. தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: அவர் முறைப்படி கொடுத்தார், நான் முறைப்படி வாங்கிக்கொண்டேன்.