புளி போட்டு மினுக்கின கிண்ணம்

பிறகு கேளன் பிள்ளை, புளியங்குளத்தில பஸ் ஏறினதிலையிருந்து எனக்கு முன் சீற்றில புருசனும் பெண்சாதியும் ஒரே சண்டை. எனக்கெண்டா நல்ல பொழுதுபோக்கு.

“நாலாயிரம் வருசத்துக் கிண்ணத்தைப் புளி போட்டு மினுக்கி வைச்சிருக்கிறாய், உனக்கென்ன விசரே?” எண்டான் அவன்.

“களிம்பு பிடிச்ச வெண்கலத்தை வேறை என்னத்தாலை மினுக்கிறது? ஓமானில வாங்கினதெண்டுதானே தந்தனீங்கள்?”

அவன் அங்கை பாலைவனத்தில பழைய ஊர் கிண்டுற இடத்தில வேலை செய்தவனாம். மண்ணுக்குள்ளை கண்ட கிண்ணத்தைச் சாரத்தில சுத்திக் கொண்டுவந்திட்டான். இப்ப அந்தக் களவுக்கு, அவனோடை ஒரே அறையில இருந்த அக்கராயன் ஊர்க்காரனை அங்கை பிடிச்சு மறியல்ல போட்டிருக்கினமாம்.

“திருப்பி அனுப்பினாலும், களிம்பு போனபடியாலை இது புதுசெண்டுதான் சொல்லுவாங்கள். எல்லாம் உன்னாலை.”

“என்னாலையோ? களவெடுத்தது என்ரை கையோ?” அவளுக்கு அழுகையே வரேல்லை, கோவம்தான். “கிண்ணம் என்ரை பையுக்கைதான் கிடக்கு. அக்கராயன் திருப்பத்தில இறங்குங்கோ. மறியல்ல கிடக்கிறவன்ரை தாய்க்கு முன்னாலை, நான்தான் எடுத்தனான் எண்டு வாயாலை சொல்லுங்கோ, பிறகு ஓமானுக்கும் அதையே அறிவியுங்கோ. கிண்ணத்தை நம்பாட்டியும் களவெடுத்த ஆள் சொன்னா நம்புவாங்கள்.”

பஸ் நிண்டது, அவள் இறங்கிட்டாள். அவன் கம்பியைப் பிடிச்சபடி இருந்தான். கண்டக்டர் பெல் அடிக்கக் கையைத் தூக்கினாப் பிறகுதான் எழும்பினான்.

பொறு பிள்ளை, உலை பொங்குது.