பல குடியிருப்பாளர்கள்

...ஒரு நாற்காலிண்ணே. நான் கேக்குறது ஒரே ஒரு நாற்காலி. இவ்ளோ பெரிய சிங்கப்பூர்ல ஒரு பொண்ணு உக்காந்து நாலு பக்கம் படிக்க ஒரு நாற்காலி இல்லன்னா நம்புவீங்களா? கட்டடத்துக்கு மேல தோட்டம் வைக்கிறாங்க, தோட்டத்துக்குப் பக்கத்துல நீச்சல் குளம் வைக்கிறாங்க. குளத்துல இறங்கி நின்னுக்கிட்டா படிக்கிறது, நீங்களே சொல்லுங்க.

இல்ல இல்ல, நீங்க படிங்க. தொந்தரவு பண்ண வரல. வேற மேசை காலி இல்ல, ரவூப் அங்கிள்தான் இங்க உக்காருன்னாரு. அவரு கடை, அவரு சொன்னா சரி. நீங்க அந்தத் தடி புக்கைப் படிங்க, நான் பாட்டுக்கு இருப்பேன். எனக்கு நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு பேப்பர். சப் பேப்பர். ஒரு தடவ ஃபெயிலானா இன்னொரு தடவ எழுத விடுவாங்கல்ல, அது. இதுலயும் போச்சுன்னா முடிஞ்சிது. என் கூடப் படிக்கிறவங்க எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ட்ரெய்னிங் போயிடுவாங்க, நான் மட்டும் ஜூனியர் பிள்ளைங்களோட உக்காந்து திரும்ப முதல்லேந்து மருந்துப் பேரு ஒப்பிக்கணும். நர்ஸிங்ண்ணே. ரெண்டாவது வருஷம். போன தடவ தெரியாம ஃபெயிலாகல. மொத கேள்விக்கே ஆறு பக்கம் எழுதிட்டேன், மத்ததுக்கு டைம் இல்ல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணுமாம். என்ன நியாயம் பாருங்க.

நோட்ஸ் முழுக்க லேப்டாப்ல இருக்கு. லேப்டாப்ல சார்ஜ் பதினாலு பெர்சன்ட் இருக்கு. இந்தக் கடையில ப்ளக்கு ஒண்ணே ஒண்ணு, அது உங்க நாற்காலிக்குப் பின்னாடி இருக்கு. என் ஒயரு குட்டை, அங்க உக்காந்தாத்தான் எட்டும். சும்மா சொன்னேன். நான் கேக்கல. உங்க ஃபோன் சார்ஜ் ஆகட்டும். தொண்ணூத்தெட்டு காட்டுது. நூறு ஆகட்டும், பாவம்.

வீட்டுல படிக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கேக்கலயா? எல்லாரும் கேப்பாங்க. எங்க வீட்டுல ரெண்டு பெட்ரூமு. ஒண்ணுல அப்பா தூங்குவாரு, நைட் ஷிஃப்ட். இன்னொண்ணுல என் தம்பி அர்ஜுன் கம்ப்யூட்டர்ல யாரையாவது சுட்டுக்கிட்டு இருப்பான். ஹால்ல எங்கம்மா. ஃபோன்ல லைவ் போட்டு சேலை விக்கிறாங்க, பாக்கியலட்சுமின்னு, நீங்க பாத்திருக்கலாம். உங்க வீட்டுக்காரங்க பாத்திருப்பாங்க. நான் புக்கைத் திறந்தாப் போதும், "தாரணி, இங்க வந்து இதைத் தோள்ல போட்டுக் காட்டு"ம்பாங்க. போன வாரம் தோள்ல மைசூர் சில்க்கு, கையில மருந்து சார்ட்டு. ஒரு அம்மா கமென்ட்ல கேட்டிருக்காங்க, அந்த சார்ட்டும் சேத்துத் தருவீங்களான்னு. எங்கம்மா தரேன்னுட்டாங்கண்ணே.

சரி, லைப்ரரின்னு போனேன். பத்து மணிக்குக் கதவு திறக்கும். பத்து அஞ்சுக்கு உள்ள போனா எல்லா நாற்காலியிலயும் ஜாக்கெட்டு உக்காந்திருக்கு, தண்ணி பாட்டில் உக்காந்திருக்கு, ஒரு நாற்காலியில கால்குலேட்டர் உக்காந்திருக்கு. மனுஷன் ஒருத்தன் இல்ல. அப்பறம் என் ஃப்ரெண்டு சிவானி, தெம்பனிஸ்ல இருக்கா, ஏர்போர்ட்டுக்குப் போ, அங்க ஏர்கான் இருக்கு, அமைதியா இருக்கும்னா. அவளுக்குப் பக்கம்லா. எனக்குத் தீவோட இந்த மூலையிலேந்து அந்த மூலை. போனா, அங்க ஒரு குடும்பம். பையன் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போறான், அவங்கம்மா அழுவுறாங்க. யாரு எவருன்னே தெரியாது, நானும் சேந்து அழுதேன். எல்லாரையும் நிக்க வச்சு ஃபோட்டோ எடுத்துக் குடுத்தேன். பையன் உள்ள போனப்பறம் அந்தம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு, நீ எப்பம்மா கிளம்புறேன்னு கேட்டாங்க. நான் எங்க கிளம்புறது? திரும்பி ட்ரெய்ன் புடிச்சு வீட்டுக்கு வந்தேன். அன்னைக்குப் படிச்சது ரெண்டு பக்கம்.

பன்னெண்டு பெர்சன்ட். சும்மா, உங்க தகவலுக்கு.

இந்த லிட்டில் இந்தியாவுல, தேக்கா பக்கம் வந்தா மட்டும் அமைதியான்னு நீங்க நெனைக்கலாம். எதுத்தாப்புல பூக்கட, அவரு மல்லியக் கட்டுறதவிட ஃபோன்ல பேசுறதுதான் அதிகம். பக்கத்துல மொபைல் கட, ஒரே பாட்டு, காலையிலேந்து அதே பாட்டு. நாயித்துக்கிழம வந்தீங்கன்னா நடக்கவே முடியாது, கூட்டத்துல நின்னாலே அதுவா நம்மளக் கொண்டுபோய் சிராங்கூன் ரோட்டுல இறக்கிவிட்டுரும். ஆனா ஒண்ணுண்ணே, இந்தச் சத்தம் யாரோட சத்தமோ, என்னைய ஒண்ணும் கேக்காது. வீட்டுச் சத்தம் அப்படியில்ல, அது என் பேரச் சொல்லிக் கூப்புடும். அதான் அம்மா ப்ளவுஸ் பீஸ டெய்லர்கிட்ட குடுத்துட்டு வான்னா ஓடி வந்துருவேன். ரவூப் அங்கிள் நல்லவரு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு டீ சொன்னா எவ்ளோ நேரம் வேணாலும் இருக்கலாம். இது எனக்கு ரெண்டாவது டீ. உங்களுக்கு?

ஆனா எழுந்திரிச்சுப் போனா டிஷ்யூ வச்சுட்டுப் போங்க. அது முக்கியம். இந்த ஊர்ல சட்டப் புத்தகத்துல எழுதாத சட்டம் அது ஒண்ணுதான். நாற்காலியில ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ, யாரும் தொடக்கூடாது. போன வாரம் இங்கயே ஒருத்தர் என் டிஷ்யூவத் தள்ளி வச்சுட்டு உக்காந்துட்டாரு. விடுவேனா? இது வெறும் டிஷ்யூ இல்ல சார், நான்தான் இதுன்னு சொன்னேன். கடையே திரும்பிப் பாத்துச்சு. அவரு சாப்பாட்டத் தபாவ் பண்ணி, பொட்டலமா எடுத்துட்டு எழுந்து போயிட்டாரு. ரவூப் அங்கிள்தான் சாட்சி, கேட்டுப் பாருங்க.

இவ்ளோ அலைச்சலும் எதனாலங்கிறீங்க? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எனக்கு இந்தக் கஷ்டமே கெடையாது. சுவா சூ காங்ல எங்க பிளாக்குக்குக் கீழயே ஸ்டடி ரூம் இருந்துச்சு. என்ன, நிமிர்ந்து பாக்குறீங்க? ஆமா, பிளாக்குக்குக் கீழயேதான். குடியிருப்பாளர் கமிட்டிக்காரங்க நடத்துனாங்க. பன்னெண்டு நாற்காலி, ஏர்கான், நாற்காலிக்கு ஒரு ப்ளக்கு. கேளுங்க, ஒவ்வொரு நாற்காலிக்கும். செருப்பப் போட்டுக்கிட்டு லிஃப்ட்ல இறங்குனாப் போதும். சொர்க்கம்ண்ணே.

ஆனா சொர்க்கத்துலயும் ஒருத்தன் இருப்பான்ல. அவன் பேரு கேசவன். எட்டாவது மாடி. காலையில ஏழு மணிக்குக் கீழ வருவான், ஒரு பை நிறைய டிஷ்யூ கொண்டு வருவான், ஆறு நாற்காலியில வரிசையா வச்சுட்டு மேல போய்த் தூங்கிருவான். அவனுக்கும் அவன் கூட்டாளிங்களுக்கும். அவனுங்க பதினொரு மணிக்கு மெதுவா வந்து, சிப்ஸ் தின்னு, சிரிச்சு, ஏர்கானுக்குக் கீழ உக்காந்து ஃபோன் பாப்பானுங்க. மீதி ஆறும் உடனே ரொம்பிரும், அதுவரைக்கும் நாங்க வெளியில பாவமா நிக்கணும். டிஷ்யூவத் தொட முடியாது பாருங்க, சட்டம்.

அந்த ரூம்ல ஒரே ஒரு நல்லவரு. மூலையில சுவத்தப் பாத்து உக்காந்திருப்பாரு, தொப்பி போட்டிருப்பாரு, அதனால முதுகு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்த பேசமாட்டாரு. வேல முடிஞ்சு நேரா வருவாருபோல, சட்டையெல்லாம் கசங்கி இருக்கும். நாற்காலி முதுகுல ஒரு கறுப்புப் பை தொங்கும், அந்தப் பையில ஒரு சின்னச் சிவப்புச் செருப்பு தொங்கும், ஒத்தச் செருப்பு, கைக்குழந்தையோடது. வீட்டுல குழந்த அழும், அதான் கீழ வந்து படிக்கிறாருன்னு நான் நெனச்சுக்குவேன். எனக்கு அவரு மேல ரொம்ப மரியாத. அவருகிட்ட மட்டும் நான் பேச்சுக் குடுத்ததே இல்ல.

ஒம்பது. இறங்குது பாருங்க, நம்மளப் பத்தி நெனச்சாவது பாக்குதா.

அப்பறம் என்ன, ஒருநாள் பூட்டு. கதவுல பெரிய பூட்டு. லிஃப்ட்ல நோட்டீஸ். "பல குடியிருப்பாளர்களின் கருத்துகளுக்கு இணங்க, மறு அறிவிப்பு வரும்வரை படிப்பறை மூடப்பட்டிருக்கும்." நாலு மொழியில போட்டிருந்தாங்க. நாலையும் பாத்தேன், எதுலயாவது வேற மாதிரி இருக்குமான்னு. எல்லாத்துலயும் மூடிட்டாங்க. எனக்கு வயிறு எரிஞ்சிது. பிள்ளைங்க படிக்கிற எடத்த மூடச் சொல்றவங்க நல்லா இருப்பாங்களா? அவங்க லிஃப்ட் எல்லா மாடியிலயும் நின்னு நின்னு போகணும். அவங்க துணி காயப்போடுற அன்னைக்கெல்லாம் மழை பெய்யணும்.

என்ன? என்ன கேட்டீங்க?

ஒன்றரை மணி நேரமாப் பேசுறேன், இப்பத்தான் வாயத் திறக்குறீங்க. அதுவும் இந்தக் கேள்வியா. யாரு கம்ப்ளைன்ட் பண்ணாங்கன்னா... அது... பல குடியிருப்பாளர்கள். அதான் போட்டிருந்துச்சே. எனக்கு எப்படித் தெரியும்.

டீ ஆறிப்போச்சு.

அண்ணே, நீங்க யாரோ, நான் யாரோ. இந்த டீக்கப்பறம் நம்ம திரும்ப பாக்கப்போறதில்ல. யாருகிட்டயாவது சொல்லலன்னா எனக்கு இந்த மருந்துப் பேரு எதுவும் தலையில ஏறாதுபோல. அந்தப் பல குடியிருப்பாளர்கள் இருக்காங்கல்ல... நான்தான்.

சிரிக்காதீங்க. சிரிக்கலயா? சரி. கேசவன் மேல இருந்த கோவம்ண்ணே. அவன மட்டும் கூப்புட்டு ரெண்டு திட்டு திட்டுவாங்க, டிஷ்யூ வைக்கிறத நிறுத்துவான்னு நெனச்சு கமிட்டிக்கு எழுதுனேன். மொதல்ல என் ஃபோன்லேந்து ஒண்ணு. பதில் வரல. ஒரு ஆளு சொன்னா கேப்பாங்களா? அதனால அப்பா ஃபோன்லேந்து, நான் எழுபது வயசு ஆளு, கீழ பசங்க போடுற சத்தத்துல தூக்கமே இல்லன்னு. அர்ஜுன் ஃபோன்லேந்து, நான் இதய நோயாளி. அம்மாவுக்கு லைவுக்குன்னு ரெண்டு ஃபோன் இருக்கு. ஒண்ணுல, நான் பறவை ஆர்வலர், ஸ்டடி ரூம் லைட்டுல மைனாவெல்லாம் தூங்கல. அது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கிறேன். இன்னொண்ணுல, நான் கைக்குழந்தை வச்சிருக்கிற தாய்... அத எழுதும்போதுகூட அந்தச் சிவப்புச் செருப்பு ஞாபகம் வந்துச்சுண்ணே. வந்தும் அனுப்பிட்டேன்.

அவங்க என்ன பண்ணாங்க? அஞ்சு பேரு கஷ்டப்படுறாங்களேன்னு மொத்தமாப் பூட்டிட்டாங்க. கேசவனுக்கு என்ன, அவன் கூட்டாளியோட காண்டோ அபார்ட்மென்ட்ல போய் நீச்சல் குளத்துப் பக்கத்துல உக்காந்து படிக்கிறானாம். நான்தான் ஊரு சுத்துறேன். அந்தத் தொப்பிக்காரரு எங்க போறாரோ. அத நெனச்சாத்தான் எனக்கு மனசு கேக்கல. வெளயாட்டாப் பண்ணது, இப்படிப் போயிருச்சு.

எங்க கிளம்பிட்டீங்க? டாய்லெட்டா? போயிட்டு வாங்க. பாத்தீங்களா, டிஷ்யூ வைக்கிறீங்க, நான் சொன்ன மாதிரியே. நல்ல பிள்ள. ஃபோன எடுத்துக்கிட்டீங்களா, சரி, புக்கையுமா? காலுக்குக் கீழ இருந்த பையையும் எடுத்துக்கிட்டீங்க, அதுவும் சரிதான், இந்தக் காலத்துல யாரையும்...

அண்ணே.

அண்ணே, ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்தப் பையில தொங்குறது...

அண்ணே!

ரவூப் அங்கிள், இப்ப போனாரே அவரு டாய்லெட்டுக்குத்தானே போனாரு? ...மீ கோரெங் நூடுல்ஸத் தபாவ் வாங்கிக்கிட்டா? காசு குடுத்துட்டாரா? எப்ப? ...ரோட்டத் தாண்டிட்டாரா.

முதுகப் பாத்தப்பறம்தான் அங்கிள் எனக்குத் தெரிஞ்சிது. மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அவரு எங்க பிளாக்கு. அந்தப் பூட்டுனால அவரும் இவ்ளோ தூரம் வந்து, இந்த ஒத்த ப்ளக்குப் பக்கத்துல உக்காந்து... நான் அவருகிட்டயே போய்... அங்கிள், நீங்க அங்க நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா? சிரிக்காதீங்க அங்கிள்.

நாலு பெர்சன்ட்.

ப்ளக்கு சும்மாத்தான் இருக்கு. நாற்காலியும் சும்மாத்தான் இருக்கு. ஒரு டிஷ்யூ பாக்கெட், எடுத்து இந்தப் பக்கம் வச்சா முடிஞ்சிது. நான் அங்க மாறி உக்காந்துரட்டுமா அங்கிள்? ...என்ன, போன வாரம் நான் போட்ட சண்டையா. ஞாபகம் இருக்கு. இது வெறும் டிஷ்யூ இல்ல, ஆமா, நான்தான் சொன்னேன். வேணும்னேதான் வச்சுட்டுப் போயிருக்காரு. ஒன்றரை மணி நேரம் ஒழுங்காக் கேட்டிருக்காரு மனுஷன்.

சரி. ஒரு பேனாவும் பேப்பரும் குடுங்க, ஞாபகம் இருக்கிறவரைக்கும் எழுதிப் பாக்குறேன். நாடி அறுபதுக்குக் கீழ இருந்தா டிஜாக்ஸின் குடுக்கக்கூடாது. பாருங்க, வருது. ஆனா அதுக்கு மொதல்ல ஃபோன்ல ஒண்ணு எழுதணும், கமிட்டிக்கு. ரூமத் திறங்கன்னு. இல்ல, அஞ்சு ஃபோன் வேணாம். ஒரு ஃபோன்தான். என் பேரு, என் மாடி, என் வீட்டு நம்பரு. மைனா எல்லாம் நல்லாத் தூங்குதுன்னு அதையும் எழுதிடணும்.

ரெண்டு... ஒண்ணு... போச்சு. லேப்டாப் போச்சு.

ஆங்? யாரு அக்கா? இந்த நாற்காலியா? இல்லக்கா, உக்காராதீங்க. டிஷ்யூ இருக்கு பாருங்க. ஆளு இருக்கு.

...தெரியும்க்கா, மத்தியானச் சாப்பாட்டு நேரம், எங்கயும் எடம் இல்ல. வேணும்னா என் நாற்காலியில உக்காருங்க, நான் நின்னுக்கிட்டே எழுதிக்கிறேன். அதுல மட்டும் வேணாம். அவரு வரமாட்டாரு, எனக்கே தெரியும். வரலன்னாலும் அது அவரு எடம்க்கா.