கொடுக்காத தாள்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, செவிலியர்களே, தாய்மார்களே, வணக்கம். நடந்ததை நடந்தபடியே சொல்வதென்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்குப் பாதகமானதையும் விடவில்லை.

மறைந்த நம் செவிலியரை ‘இன்னொரு கேள்வி சிஸ்டர்’ என்றுதான் எல்லோரும் அழைத்தோம். இந்தச் சுகாதார நிலையத்துக்கு இரத்த அழுத்தம் பார்க்க வரும் நாற்பது தாண்டிய பெண்கள் யாரையும் அந்த இன்னொரு கேள்வி இல்லாமல் அவர் அனுப்பியதில்லை. கையில் பட்டையைச் சுற்றிவிட்டுத்தான் கேட்பார்: “மாதவிலக்கு ஒழுங்கா வருதாக்கா?” வெட்கப்பட்டு எழ முயன்றால், “என் பட்டை உங்க கையில இருக்கு, எங்க போவீங்க?” என்பார். சிரித்தவர்கள் பிறகு எல்லாவற்றையும் சொன்னார்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தை நமக்கு இத்தனை எளிதாக வேறு யார் சொன்னார்கள்? நின்று ஓராண்டு கழித்து இரத்தம் பட்டால் உடனே வாருங்கள் என்று வேறு யார் எச்சரித்தார்கள்?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு உயரமும் எடையும் பார்க்க வந்தார். ஒவ்வொரு மாணவியிடமும் அம்மாவுக்கென்று, மாதவிடாய் நிற்கும் பருவத்தின் அறிகுறிகளை அச்சிட்டு மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். கிடைத்ததையெல்லாம் படிக்கும் நான் அதையும் வழியிலேயே படித்தேன். அதை அம்மாவிடம் நீட்டக் கூசியது. அகராதிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

அந்தத் தாளில் இருந்ததெல்லாம் என் அம்மாவுக்கு நடந்துகொண்டிருந்தது. திடீரென உடல் கொதித்து வியர்த்தது. நெஞ்சு படபடத்தது. தூக்கமில்லை. தையல் நிலையத்தில் அளவுகளை மறந்தார், வீட்டில் எரிந்து விழுந்தார். அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அப்பா கேலி செய்தபோது நானும் சிரித்தேன். இதயம் கெட்டுவிட்டது, இனிப் பிழைக்கமாட்டோம் என்று எட்டு மாதம் அம்மா யாரிடமும் சொல்லாமல் பயந்திருக்கிறார். தாள் என்னிடம் இருந்தது.

ஒருநாள் தலை சுற்றவே, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இங்கே வந்தார். மருத்துவர் ஐயா இதயத்தைச் சோதித்து, குறையொன்றும் இல்லை என்றார். சிஸ்டர் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

“இத முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா இவ்வளவு அழுதிருக்க மாட்டேனே” என்றார் அம்மா.

சிஸ்டர் என் பள்ளிச் சீருடையைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

“உங்க பொண்ணு கிளாஸுக்குத் தாள் குடுக்க விட்டுப்போச்சு போலக்கா. என் தப்புதான்.”

என் தவறைத் தன்மேல் போட்டுக்கொண்டார்! தனியே வந்து மன்னிப்புக் கேட்க நினைத்தேன். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். தேர்வு முடிந்தது. சிஸ்டர் இல்லை.

அம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இதை இப்போதுதான் கேட்கிறார்.

சிஸ்டர், உங்கள் மேசையில் மீதமிருந்த தாள்களை மருத்துவர் ஐயாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். நாளை முதல் வகுப்பு வகுப்பாகக் கொடுப்பேன். கொடுத்ததோடு விடமாட்டேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினாயா என்று மறுநாள் ஒவ்வொருத்தியையும் கேட்பேன்.

என் பேச்சு முடிந்ததும் மௌன அஞ்சலிக்காக விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை.