வாசலில் நின்றவள்

உட்காருங்கள், இன்ஸ்பெக்டரம்மா. வாசலுக்கு வந்த யாரையும் "வாங்க" என்று சொல்லாமல் நிற்கவைக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஷெரின் விஷயத்தில் மட்டும் அது தவறிப்போனது. தவறியது என்பதும் சரியில்லை. நான்தான் சொல்லவில்லை.

போன சித்திரையில் ஒரு நாள், பொழுது சாய்ந்த பிறகு, என் தம்பி மகள் பாண்டீஸ்வரி அவளைக் கூட்டிவந்தாள். ஷெரின் படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"அத்தை, நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டாத்தான் உள்ள வருவாளாம். அம்புட்டு மரியாதைக்காரி."

தம்பி போன பிறகு இந்த வீட்டுக்குப் பெரியவள் நான். "வாம்மா" என்றேன். அவள் வெளிச்சத்துக்கு வந்து, "கும்பிடுறேன் பாட்டி" என்றாள்.

நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் திராட்சைப் பந்தலுக்குள் நான் பார்த்த முகம் அது. அன்று அவள் பெயர் எப்சிபா. எனக்குப் பத்தொன்பது வயது. அவள் இடது புருவத்துத் தழும்புகூட அப்படியே இருந்தது. அவளுக்கு ரத்தம்தான் ஆகாரம், வெயில் பட்டால் எரிந்துபோவாள், வீட்டுப் பெரியவர் அழைக்காமல் படி தாண்ட முடியாது. இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டாள். அதனால்தான் நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். தம்பி குடும்பத்தைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து ஷெரின் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பாண்டீஸ்வரி வெளுத்துக்கொண்டே வந்தாள். கழுத்தில் இரண்டு புள்ளிகள். கேட்டேன்.

"நானாத்தான் குடுக்குறேன் அத்தை. அவ கேக்கக்கூட இல்ல" என்று சிரித்தாள். நிச்சயித்த மாப்பிள்ளையையும் வேண்டாம் என்றாள். எங்கள் குடும்பப் பெயர் என்ன ஆவது?

வியாழக்கிழமை இருட்டியதும் ஷெரின் பாண்டீஸ்வரிக்குச் சத்து மருந்து வாங்க மதுரைக்குப் போனாள். விடிவதற்குச் சற்று முன்னால்தான் திரும்புவாள். தோட்டத்து வீடு, பக்கத்தில் வேறு கூரை கிடையாது. பம்புசெட் அறையைப் பூட்டினேன். பாண்டீஸ்வரியை மாடி அறையில் வைத்துப் பூட்டினேன். வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, கோலம் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் வந்தாள். "உன்னைக் கூப்பிட்ட வார்த்தைய திருப்பி எடுத்துக்கிட்டேன்" என்றேன்.

"என்ன பாட்டி, காலங்காத்தால வெளையாட்டு?"

காலைத் தூக்கினாள். படி அவளை விடவில்லை. மாடியில் பாண்டீஸ்வரி, "உள்ள வாடி, உள்ள வாடி" என்று கதவை இடித்தாள். அவள் அழைப்பு செல்லாது.

மேகமலைக்கு மேல் வெளுத்தது. ஷெரின் மருந்துப் பையைப் படியில் வைத்தாள்.

"இத மட்டும் அவகிட்ட குடுத்துருங்க பாட்டி." பிறகு, "ஒரு வார்த்தை சொல்லுங்க பாட்டி."

கால் மணி நேரம். பிறகு சாம்பலை நானே அள்ளினேன். சாக்கில் நீங்கள் பார்த்தது அதுதான்.

நான் அவளைத் தொடவே இல்லை. அந்தக் கால் மணி நேரமும் "வா" என்ற சொல் என் நாக்கிலேயே இருந்தது. பந்தலுக்குள் அவள் என்னை முருகு என்று கூப்பிடுவாள். ஒரே ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டிருந்தால் உள்ளே அழைத்திருப்பேன்.

கடைசிவரை பாட்டி என்றுதான் கூப்பிட்டாள்.