முதல் குடமும் மூடிய கதவும்

(1931ஆம் ஆண்டு, ஆம்பூர் வழக்கப் பாதுகாப்புச் சபையின் ஆண்டுக் கூட்டத்தில் பட்டை மண்டி ஆதிகேசவன் பேசியது)

ஆம்பூரின் அணிவிளக்கே, அக்கிராசனாதிபதி ஹாஜி வாஹித் பாஷா சாஹிப் அவர்களே! தீர்மானம் எழுதி எழுதியே விரல் தேய்ந்த காரியதரிசி சுந்தரமூர்த்தி முதலியார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, மூடிய கண்களோடு முழுக் கவனம் செலுத்திக்கொண்டிருக்கும் பெரியோர்களே! தோல் வியாபாரத் தனவான்களே! பந்தலுக்குள் இடம் தராததால் வேலியோரம் நின்று, உள்ளே இருப்பவர்களைவிட நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் அடியேனின் வணக்கம், சலாம்.

இன்று நமது சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றப் போகிறது. தலைவர் அவர்களுடைய தோல் பதனிடும் டேனரியில் இருக்கும் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு இருக்கிறது அல்லவா? அந்தக் கதவைப் பெயர்த்தெறிந்துவிட்டு, அந்த இடத்தில் சுவர் எழுப்புவதை இச்சபை மனமார ஆதரிக்கிறது என்பது தீர்மானம். முதலியார் பிரேரேபித்துவிட்டார். ஆமோதிக்க வேண்டியவன் நான். பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். ஆமோதிக்க ஒரு நிமிஷம் போதும். மீதி ஒன்பது நிமிஷத்தை என்ன செய்வது? கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றிவிட்டது. இந்தச் சபையில் அப்படி ஒரு வழக்கம் இல்லைதான். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பழைய கட்சி. பிறந்தது பழைய கட்சி, வளர்ந்தது பழைய கட்சி, என் மண்டியில் இருக்கும் தராசுகூடப் பழைய கட்சி. சந்தை நாளைச் செவ்வாயிலிருந்து சனிக்கு மாற்றுகிறோம் என்று முனிசிபாலிட்டிக்காரர்கள் கிளம்பியபோது, எதிர்த்து முதல் கையெழுத்துப் போட்டவன் யார்? நான்! அப்போதுதானே முதலியார் நமது சபைக்கு அந்தப் பொன்னான விதியை எழுதினார்? ‘முப்பது வருஷம் நடந்து வந்த எந்த வழக்கத்தையும் மாற்றுவது முன்னோர்க்குச் செய்யும் துரோகம்.’ என்ன எழுத்து! என்ன அழுத்தம்! படித்துவிட்டு நான் அழுதேன். இப்போதும் அழத்தான் தோன்றுகிறது. காரணம் மட்டும் வேறு.

போன வருஷம் இன்னொரு தீர்மானம் போட்டோம். ஆவாரம் பட்டையில் தோல் பதனிடுவதே நம் முறை. கப்பலில் வரும் வாட்டில் பட்டையைத் தொடுவது குற்றம் என்றோம். கரகோஷம் கடல்போல் எழுந்தது. மறுநாள் காலை என் மண்டி வாசலில் ஏழு வண்டி வந்து நின்றது. எதற்கு? வாட்டில் பட்டைக்கு! யார் யார் அனுப்பினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தயவு செய்து யாரும் குனிந்து உங்கள் செருப்பைப் பார்க்காதீர்கள். விற்றவன் நீதானே என்று அங்கே ஒருவர் கேட்கிறார். ஆமாம் ஐயா, நான்தான். பழைய கட்சியிலும் பட்டை வியாபாரி பட்டைதானே விற்க வேண்டும்?

சரி, கிணற்றுக்கு வருவோம். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தலைவரின் தகப்பனார், பெரிய சாயபு, இங்கே டேனரி கட்ட வந்தார். தோண்டிய இடமெல்லாம் உப்பு. பதினோரு இடம் தோண்டினார். பதினோரு இடத்திலும் வாயில் வைக்க முடியாத தண்ணீர். பன்னிரண்டாவது இடம் எது? அதோ வேலியோரம் நிற்கும் எல்லம்மாவின் தெருவார் அத்தனை நாளும் ஊற்றுத் தோண்டிக் குடித்து வந்த இடம். அந்த மணலில்தான் தண்ணீர் தேனாக இருந்தது. பெரிய சாயபு பட்டாவைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதிகாரியை அழைத்திருக்கலாம். அவர் என்ன செய்தார்? அந்தத் தெருவாரைக் கூப்பிட்டு நடுவில் நின்று சொன்னார்: “தண்ணி உங்களுது, கிணறு என்னுது. தெனமும் மொதல் குடம் தெருவுக்கு. அது போன அப்புறம்தான் என் தொட்டிக்கு.”

காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை, காரியதரிசி இல்லை. வெறும் வார்த்தை. அன்றிலிருந்து விடிந்தால் தெருக்கதவு திறக்கும். முதல் குடம் வெளியே போகும். பின்னாலேயே மற்றக் குடங்கள் போகும். அதற்கப்புறம்தான் தொட்டி மேஸ்திரி பச்சையப்பன் மாட்டைப் பூட்டித் தோல் தொட்டிகளுக்குத் தண்ணீர் இறைப்பான். முப்பத்தெட்டு வருஷம்! ஒரு சண்டை உண்டா? ஒரு சச்சரவு உண்டா? ஒரு தீர்மானமாவது உண்டா?

பிறகு ஏன் அந்தக் கதவை மூடினோம்? தாய்மார்களே, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. மூன்று மாதத்துக்கு முன்னால் சீர்திருத்தக்காரர்கள் சிலர் வேலூரிலிருந்து ஒரு நோட்டீஸ் அடித்துக் கொண்டுவந்தார்கள். ‘டேனரிக் கிணற்றில் நீர் எடுப்பது ஏழைகளின் உரிமை!’ என்று அதில் போட்டிருந்தது. மஞ்சள் காகிதம், அச்சுப்பிழை நான்கு. அவ்வளவுதான்! நம் சபை கொதித்தது, குமுறியது, கூடியது. ‘உரிமையா? யாருக்கு உரிமை?’ என்று மேஜையைக் குத்தினோம். அன்று மாலையே கதவுக்குப் பூட்டு.

முதலியார் ஏதோ சொல்கிறார். “வழக்கம்னா குடுக்கலாம்யா, உரிமைன்னா குடுக்கக் கூடாது” என்கிறார். ஆகா! எப்பேர்ப்பட்ட சட்ட நுணுக்கம்! ஆனால் முதலியார்வாள், குடத்துக்கு இந்த நுணுக்கம் தெரியுமா? நாவறண்ட குழந்தைக்குத் தெரியுமா? நாளைக்கு அந்த நோட்டீஸ்காரன் ‘பெற்ற தாய்க்குச் சோறு போடு, அது அவள் உரிமை’ என்று அச்சடித்து ஒட்டினால், நாம் எல்லோரும் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பட்டினி போட வேண்டியதுதானா? எதிரி கிழக்கே போனால் நாம் மேற்கே போவது என்று வைத்துக்கொண்டால், நம் சபையை நடத்துவது யார்? நாமா, அவனா? நமக்குத் தனியாகக் காரியதரிசி எதற்கு? வேலூரிலிருந்து வாரம் ஒரு நோட்டீஸ் வந்தால் போதுமே!

போன வாரம் பாலாற்றுப் பக்கம் என் பட்டை வண்டியோடு வந்துகொண்டிருந்தேன். வெயிலில் எல்லம்மா ஊரோரத்து மணலைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தாள். ஆற்றில் டேனரிகளுக்கு மேலே போனால்தான் நல்ல ஊற்று கிடைக்கும். இரண்டு மைல் நடை. நம் ஊரோரம் ஊறுவது என்ன தண்ணீர் என்று உங்களுக்குத் தெரியும். பட்டைச் சாயம் கலந்த சிவப்புத் தண்ணீர்.

“இன்னா எல்லம்மா, உரிமை கேட்டியாமே?” என்றேன், கொஞ்சம் கிண்டலாகத்தான்.

அவள் தலை நிமிரவில்லை. “நான் இன்னாத்த கண்டேன் சாமி? நோட்டீசு எனக்குப் படிக்கத் தெரியாது. கதவு மூடிக்கினு கீது, அது மட்டும் தெரியுது. மருமவ புள்ள பெத்து பதினோரு நாளாவுது. இந்தத் தண்ணில குளிப்பாட்னா புள்ள மேல பட்ட வாடை அடிக்குது. பால் குடிக்க வாய வச்சிட்டுத் திருப்பிக்குது” என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பெரியோர்களே, நான் நாற்பது வருஷமாகப் பட்டை வாடையிலேயே சோறு தின்றவன். அந்த வாடை எனக்குச் செல்வத்தின் வாடை. பதினோரு நாள் குழந்தைமேல் அது அடிக்கிறது என்று கேட்டபோது, வண்டியில் ஏறி உட்காரக் கூச்சமாக இருந்தது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. கதவைப் பூட்டிய மறுநாள் காலை டேனரியில் என்ன நடந்தது தெரியுமா? பச்சையப்பன் மாட்டைப் பூட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றான். “மொதல் குடம் வெளிய போவலியே எசமான். பெரிய சாயபு வாக்கு. நான் தண்ணி உட்டு தோலு கெட்டுப் போய்ட்டா என்னைக் கேக்கக் கூடாது” என்றான். அதட்டினார்கள், அசையவில்லை. கெஞ்சினார்கள், அசையவில்லை. தொட்டியில் ஒரு பருவத்துத் தோல் முழுக்கக் காத்துக்கிடக்கிறது. என்ன செய்வது?

தலைவர் அவர்களே, சொல்லட்டுமா? ... தலையைக் குனிந்துகொண்டார். அப்படியானால் சொல்லலாம் என்று அர்த்தம்.

நான் விடியற்காலையில் அந்தத் தெரு வழியாகத்தான் வண்டி ஓட்டிப் போகிறேன். ஒருநாள் பார்க்கிறேன், பூட்டிய கதவு மெல்லத் திறக்கிறது. சால்வை போர்த்திய ஒருவர் வெளியே வருகிறார். இடுப்பில் பித்தளைக் குடம்! இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குடத்துத் தண்ணீரைத் தெருவோரத்தில் கொட்டினார். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அடுத்த நிமிஷம் உள்ளே மாடு நடக்கிற சத்தம் கேட்டது. முதல் குடம் தெருவுக்குப் போய்விட்டது அல்லவா? பச்சையப்பனுக்குத் திருப்தி!

மூன்று மாதம், ஐயா. தொண்ணூறு குடம். நம் மதிப்புக்குரிய ஹாஜியார், நாலு ஊர் மதிக்கும் நல்லவர், தினம் ஒரு குடம் சுமந்து மண்ணில் கொட்டியிருக்கிறார். கொட்டிய இடத்தில் ஒரு எருக்கஞ்செடி ஆள் உயரம் தழைத்து நிற்கிறது. போய்ப் பாருங்கள்! நோட்டீஸ் ஒட்டாத செடி, உரிமை கேட்காத செடி. அதற்கு மட்டும் நம் சபை தினமும் தண்ணீர் ஊற்றுகிறது.

சிரிக்காதீர்கள். நான் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பந்தலில் உண்மையான பழைய கட்சிக்காரர் அவர் ஒருவர்தான். தகப்பன் வாக்கை மீற அவருக்கு மனசு வரவில்லை. நம்மில் யாருக்கு அந்தப் பயம் இருந்தது? கை தூக்கினோம், கடலை கொறித்தோம், வீட்டுக்குப் போனோம். தூங்காமல் எழுந்து குடம் சுமந்தவர் அவர்தான். ஆனால் ஹாஜியார் அவர்களே, உங்கள் தகப்பனார் மண்ணுக்கா வாக்குக் கொடுத்தார்? மனிதர்களுக்கு அல்லவா கொடுத்தார்? வாக்கைக் காப்பாற்றிவிட்டு, வாங்கியவர்களை வெளியே நிறுத்திவிட்டோமே!

முப்பது வருஷ வழக்கத்தை மாற்றுவது துரோகம் என்று எழுதியவர்களே! கதவுக்கு வயது முப்பத்தெட்டு. சுவருக்கு வயது என்ன? இன்னும் பிறக்கவே இல்லை! இந்த ஊரில் புதுமை எது, ஐயா? எல்லம்மாவின் குடமா புதுமை? பெரிய சாயபுவின் சொல்லா புதுமை? சுவர்தான் புதுமை! சுவரைக் கட்டினால் சீர்திருத்தக்காரர்கள் நாம்தான்! அப்புறம் வேலூர்க்காரர்களையே கூப்பிட்டு மாலை போட்டுவிடலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று மணி அடிக்கிறார்கள். இருங்கள், தலைவர் கை காட்டுகிறார். ஏதோ சொல்ல வேண்டுமாம். ... சொல்லுங்கள் ஹாஜியார். ... உரக்கச் சொல்லுங்கள், வேலியோரம் கேட்க வேண்டும்.

“தீர்மானத்த வாபஸ் வாங்குனா நோட்டீஸ்காரன் ஜெயிச்சான்னு ஆய்டும், அது ஜாஸ்தி பேஜாரு. தீர்மானம் புஸ்தகத்துல இருக்கட்டும். சுவர் கட்ட நல்ல நாள் பாக்கணும். முதலியார் பஞ்சாங்கம் பாத்துச் சொல்ற வரைக்கும் கதவு தெறந்தே இருக்கும்.”

கேட்டீர்களா! முதலியார் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் அவ்வளவு சீக்கிரம் கிடைக்குமா? சொந்த மகள் கல்யாணத்துக்கே ஆறு வருஷம் பார்த்தவர்! முதலியார்வாள், அவசரமே இல்லை, நிதானமாகப் பாருங்கள். உங்கள் பேரன் வந்து மீதியைப் பார்க்கட்டும்.

என்ன அங்கே சத்தம்? எல்லம்மாவா? வழி விடுங்கள், அவளும் பேசட்டும். ... கேட்டதா பெரியோர்களே? கேட்காதவர்களுக்கு நான் திருப்பிச் சொல்கிறேன்.

“புஸ்தகத்துல இன்னா வேணும்னாலும் எழுதிக்கோங்க சாமி. கதவ மட்டும் சாத்தாதீங்க.”

மகாஜனங்களே! ஆறு வருஷமாக இந்த மேடையில் எத்தனையோ தீர்மானம் கேட்டுவிட்டேன். இதைவிடச் சுருக்கமாக, இதைவிடத் தெளிவாக ஒன்றை யாரும் பிரேரேபிக்கவில்லை. நான் ஆமோதிக்க வந்தவன். ஆமோதிக்காமல் இறங்க மாட்டேன். எல்லம்மாவின் தீர்மானத்தை நான் மனமார ஆமோதிக்கிறேன்!

நாளை விடியும்போது ஹாஜியார் வழக்கம்போல் குடத்தோடு வெளியே வருவார். இந்தத் தடவை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியதில்லை. எதிரே எல்லம்மா நிற்பாள். அவள் கையில் கொடுத்தால் போதும். எருக்கஞ்செடி நம்மை மன்னிக்கட்டும். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கும், முன்வரிசையில் இப்போது விழித்துக்கொண்டவர்களுக்கும் என் நன்றி. தாய்மார்களே, குடத்தைத் துலக்கி வையுங்கள். வணக்கம், சலாம்!